அம்மா சொன்ன வலி

இருபத்தொரு வருஷமாக நான் வலிப்புக்காரி. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுக்க இது தெரியும். காலையில் ஒரு குளிசை, பின்னேரம் ஒரு குளிசை. வாகனம் ஓடக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக்கூடாது. பத்து வருஷத்துக்கு முந்தி டிலானுக்கும் எனக்கும் அந்தோனியார் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறுக்குள் களனியிலிருந்த அவனுடைய தாயிடம் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். "குளிசை குடிக்கிறவளுக்குப் பிள்ளை என்ன மாதிரிப் பிறக்குமோ" என்றாளாம் அந்த மனுஷி. அதோடு கல்யாணம் நின்றது.

போன மாதம் பல்முரசு வீங்கி ரத்தம் வந்தபோது பல் டொக்டர்தான் கேட்டார், "இந்தக் குளிசையாலயும் முரசு வீங்கும், இது இன்னும் தேவையா?" என்று. அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு டொக்டரும் பழைய கார்டைப் பார்த்துப் புதுக் கார்டில் எழுதினார்கள். ஒன்றும் வராவிட்டால் குளிசை வேலை செய்கிறது என்றார்கள். திருவிழா நெரிசலில் இரண்டு தரம் மயங்கி விழுந்தேன், குளிசை போதாது என்று கூட்டினார்கள்.

வெள்ளவத்தையில் டொக்டர் சாமினியிடம் போனேன். அவர் கார்டுகளைப் புரட்டிவிட்டு, "முதல் தரம் நீங்கள் விழேக்க பார்த்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். பார்த்தது அம்மா மட்டும்தான். அப்பா அன்று துறைமுகத்தில் வேலையில் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை.

அம்மா, மாக்ரெட், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழும்புக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அவள் பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. நல்ல சேலை உடுத்திக்கொண்டு டொக்டர் முன்னால் கைகட்டி உட்கார்ந்தாள்.

"என்ன நடந்ததம்மா?"

"புள்ளைக்கு அப்ப பதிமூணு வயசுங்க. காலையில எந்திரிச்சிச்சு, வலி வந்துருச்சு, அப்படியே விழுந்துருச்சு."

டொக்டர் எழுதினார். "வலி வரேக்க கை கால் இழுத்ததோ? வாயில நுரை?"

"நுரையா? அதெல்லாம் இல்லீங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. மூஞ்சி வெளுத்துப் போயி சாஞ்சிருச்சு."

பேனை நின்றது. "வயித்திலயோ வலி?"

"ஆமாங்க. மாசத்து வலி."

டொக்டர் சாமினி யாழ்ப்பாணம். அவர்கள் ஊரில் உடம்பு வலிக்காது, நோகும். வலி என்றால் அது வலிப்பு. அம்மாவின் ஊரில் வலி என்றால் வெறும் வலி.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில ஆரிட்டச் சொன்னனீங்கள்?"

"டொக்டரு சிங்களங்க. யாழ்ப்பாணத்து நர்ஸு ஒண்ணு, நல்ல பொண்ணு, அதுதான் அவருகிட்ட எடுத்துச் சொல்லிச்சு. பொறவு இது வலிப்புன்னாங்க. பெரிய டொக்டரு சொன்னா சரியாத்தானே இருக்கும்னு இருந்துட்டேன்."

நல்ல பெண்ணாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தொடங்கினால் நிற்காது என்று பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப உறுதியாச் சொல்லேலாது, லவினா. திரும்பச் சோதிக்கவேணும்" என்றார் டொக்டர். "ஆனா குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு சடுதியா விட்டா உண்மையிலேயே வலி வரலாம். பின்னேரக் குளிசையை முதல்ல பாதியாக்குங்கோ."

இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடித்திருக்கிறேன், மருந்தை விட்டால் அந்த வருத்தம் வந்துவிடும். இதை எங்கே போய் முறையிடுவது? அந்தோனியாரிடமா? மகளுக்கு வலி வரக்கூடாது என்று அம்மா செவ்வாய் தவறாமல் அவருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அவருக்காவது எந்த வலி என்று விளங்கியதோ தெரியாது.

பஸ்ஸில் வரும்போது அந்த நர்ஸை வெறுத்தேன், கார்டில் எழுதிய எல்லாரையும் வெறுத்தேன். பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டிருந்த அம்மாவைத்தான் அதிகம் வெறுத்தேன்.

ஆறு மணிக்கு அம்மா வழக்கம்போலக் குளிசையும் தண்ணீருமாக வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வயித்து வலி எண்டு சொல்லியிருந்தாப் போதுமேம்மா! ஒரு சொல்லு! எனக்கு முப்பத்துநாலு வயசு. டிலான்ட பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. அது என்ட பிள்ளையா இருந்திருக்கும்!"

"வலின்னா வலிதானேடி" என்றாள் அம்மா. "நான் வேற என்னன்னு சொல்லுவேன்?"

மேசையில் வைத்துக் கத்தியால் குளிசையைப் பாதியாக்கப் பார்த்தாள். இரண்டு தரம் வழுக்கி ஓடியது. மூன்றாம் தரம் அழுத்தியபோது அது மாவாக நொறுங்கியது. அந்த மாவை விரலால் கூட்டிக் கூட்டி இரண்டு பங்காக்க முயன்றாள். நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் குனிந்துவிட்டேன். அழுகைதான், வேறொன்றுமில்லை.

அம்மா பதறி எழும்பினாள். "என்னடி, வலி..." என்று தொடங்கியவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயசைத்து ஒரு சொல்லைத் தேடினாள்.

"நோகுதா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓம், அம்மா" என்றேன். "நோகுது."