வள்ளம் ஒதுங்கிய சேதி

கல்லூரிக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவைப் பார்த்த மாத்திரத்தில் கிளாடிஸுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கமும் பூவரச மரங்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லில் கட்டிய பழைய வீடுகள், பச்சை வர்ணம் பூசிய மர ஜன்னல்கள். சாயங்காலமானால் மாணவர்கள் புத்தகமும் கையுமாக ஏதாவது வாதாடிக்கொண்டே போவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அவள் கணவன் பவுலுக்கு அந்தக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் வேலை கிடைத்து, நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்திருந்தார்கள்.

பிடிக்காதது ஒன்றுதான். அந்த வீட்டுச் சுவர் வேர்க்கும். காலையில் துணியால் ஒற்றியெடுத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி முத்து முத்தாக நிற்கும். விரலை வைத்து நாக்கில் தொட்டால் உப்பு. பவுலுக்கு அதில் ஏக சந்தோஷம். காரை பெயர்ந்த இடத்தில் கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்த சிப்பியைக் காட்டி, கடல் இன்னும் இந்தக் கல்லைவிட்டுப் போகவில்லை என்பான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கிளாடிஸ் பேச்சை மாற்றுவாள்.

பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் கடல்கரைக்காரி. கிளாடிஸின் பேச்சைக் கேலி செய்வதில் அவளுக்குப் பொழுது போகும். ஒருநாள் அடுப்பங்கரையில் வேலை கிடக்கிறது என்று கிளாடிஸ் சொன்னதற்கு, "அது எந்த ஊருக் கரை, ஏளா? இங்கன குசினின்னு சொல்லு. எங்களுக்கு இருக்கது ஒரே கரைதான்" என்றாள். கிளாடிஸும் சிரித்துவிட்டு, அந்தத் தெருவின் சொற்களை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். எல்லாச் சொல்லும் அவளுக்கு வந்து சேரவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. வகுப்பில் காட்டுவதற்கு நட்சத்திர மீன் எடுத்துவர, பவுல் தீவுப் பக்கம் போகக் கிளம்பினான். இன்னாசியம்மாளின் தம்பி தொம்மை வள்ளம் வைத்திருந்தான். அவன்தான் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்று சுவர் வேர்த்து, தண்ணீர் தரைவரை கோடு கோடாக இறங்கியிருந்தது. இன்னொரு நாள் போகலாமே என்று கிளாடிஸ் சொல்லிப் பார்த்தாள். ஈரக்காற்றைக் கல்லில் உள்ள உப்பு இழுக்கிறது, அவ்வளவுதான் என்றான் பவுல். வானமும் வெளிவாங்கித்தான் இருந்தது. மத்தியானச் சோற்றுக்குள் சாரைக் கொண்டுவந்து விட்டுவிடுவதாகத் தொம்மையும் சொன்னான்.

வேறு வழியில்லாமல் வாசல்வரை வந்து, "மழை கிழை வந்தா எங்கனயாவது ஒதுங்கிருங்க, என்ன?" என்றாள்.

பக்கத்து வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த இன்னாசியம்மாளின் விளக்குமாறு நின்றது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர்கள் எதற்கெடுத்தாலும் சிலுவை போடுகிறவர்கள்தானே என்று கிளாடிஸ் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் வாடைக்காற்று கிளம்பியது. பூவரச மரங்கள் தெருவில் குனிந்து குனிந்து எழுந்தன. பவுல் வரவில்லை. விடிந்தும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னாசியம்மாள் தலையில் முக்காடிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வள்ளம் ஒதுங்கிட்டாம், கிளாடிசு. புன்னைக்காயல்ல."

கிளாடிஸ் அந்த இடத்திலேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். நாசரேத்தில் மழைக்கு யார் வீட்டு வாசலிலாவது நின்றால் அது ஒதுங்குவது. மழை விட்டால் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். புன்னைக்காயலிலிருந்து வண்டி பிடித்தால் பொழுதடைவதற்குள் வந்துவிடலாம். உப்புத்தண்ணீரில் ஊறி வருகிறவருக்கு வேண்டுமே என்று வெந்நீருக்கு அண்டாவை ஏற்றினாள். காப்பி போட்டாள்.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மாணவர்கள் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். இத்தனை பாசமான தெரு வேறெங்கே கிடைக்கும் என்று கிளாடிஸுக்கு நெஞ்சு நிறைந்தது. எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள், ஒருவரும் குடிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டம்ளர்களில் ஆடை படிந்தது.

"ஏன் எல்லாரும் இப்படி இருக்கிய? பொழுதடையதுக்குள்ள வந்துருவாவல்லா, அக்கா?"

இன்னாசியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் காலையில் வாசலில் கேட்ட வார்த்தையும், இந்தக் காப்பியும், அண்டாத் தண்ணீரும் எதனால் என்று அப்போதுதான் இன்னாசியம்மாளுக்குப் புரிந்தது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கிளாடிஸின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கடல் கொண்டாந்து போடுததைத்தான் நாங்க ஒதுங்கிட்டுன்னு சொல்லுவோம், எம்மா. வள்ளம் மட்டுந்தான் ஒதுங்கியிருக்கு. சாரு இன்னும் ஒதுங்கல. எந் தம்பியும் ஒதுங்கல."

கிளாடிஸின் முதுகு சுவரில் சாய்ந்தது. சேலை நனைந்து ஒட்டியது. எங்கேயாவது ஒதுங்கிவிடுங்கள் என்று தானே சொல்லி அனுப்பியதை அவள் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன.

குசினியில் வெந்நீர் கொதித்துத் தளும்பி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. இறக்கிவைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.