உப்பு மட்டும் போட்ட அரிசி பிஸ்கற்

நிஷிமுறா நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்குவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

"இந்த பிஸ்கற்றில் மீன் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"மீன் இல்லை" என்றார். "மீனின் சுவை மட்டும்."

ஜெர்மனியில், டுசில்டோவ் நகரத்தில் அவருடைய ஜப்பானியக் கடையில் பெட்டி பிரித்து அடுக்குவது என் வேலை. பக்கற்றுகளில் ஜெர்மன் ஸ்ரிக்கர் ஒட்டுவதும் நான்தான். அரிசி, சோயா சோஸ், சீனி, சுவையூட்டி என்று அதில் அச்சடித்திருக்கும். அரிசியும் சோயாவும் என்றால் சைவம்தானே. எந்தத் தமிழரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம், தொண்ணூற்றேழில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக் கலாதேவி அக்கா கடை போட்டபோது அந்த அரிசி பிஸ்கற்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நிறம் நிறமான பக்கற், பிஸ்கற்றின் மேலே மினுங்குகிற தூள். பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விரதகாரருக்கென்று கொடுத்த பெட்டி என்பதால் நான் அதில் ஒன்றைக்கூட உடைத்து வாயில் வைக்கவில்லை. அவ்வளவு மரியாதை எனக்கு.

அக்காவும் நானும் கிழக்கு பேர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அகதி முகாமில் ஒரே அறை, ஒரே சட்டி. நான் மன்னார்க் கத்தோலிக்கம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். அக்காவுக்கு இரண்டும் ஆகாது. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, என்றாலும் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சட்டிக்குள் ஒரு நெத்தலியைக்கூட நான் போட்டதில்லை.

போன வருடத் தேரில் பக்கத்துக் கடைக்காரர் இராசலிங்கம், சேலை விற்கிறவர், எனக்குக் கேட்கட்டும் என்றே கேட்டார்: "உது வேதக்காரி தந்த சாமானோ? சைவமெண்டு ஆர் சொன்னது?"

அக்கா யோசிக்கவே இல்லை. "அவள் என்ர சகோதரி மாதிரி அண்ணை. அவள் சொன்னால் சரி."

அந்த ஒரு பேச்சை வருடம் முழுக்க மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். இந்த வருடம் அக்கா இரண்டு மடங்கு பெட்டி கேட்டிருந்தார். பாதி மேசைக்கு அதுதான் என்று சொல்லியும் இருந்தார்.

தேர் வாரத்தில் ஒரு பெட்டி கிழிந்து வந்தது. உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதல் கடியிலேயே மாசி மணந்தது.

மன்னார்க்காரிக்கு மாசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூரையை அவித்து, புகை போட்டு, கல்லுமாதிரிக் காய வைத்து, இடித்துச் சம்பலில் போடுகிற சாமான். ஜப்பான்காரரும் அதையே செய்து வைத்திருக்கிறார்கள் என்று நான் என்ன கனவா கண்டேன்? நேரே போய் நிஷிமுறாவைப் பிடித்தேன்.

அவர் இளவயதில் நீகாட்டாவில் அரிசி பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நான் கேட்டது ஓமா இல்லையா என்று. அவர் சரித்திரத்தைத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன் மொழியில்தான் இவ்வளவும்.

உலகச் சண்டை முடிந்த காலத்தில் ஜப்பானில் அரிசியே அரிதாம். பிஸ்கற் என்றால் கரி நெருப்பில் சுட்ட அரிசி, உப்பு, கிடைத்தால் சோயா. அறுபதுகளில் இயந்திரங்கள் வந்தன. இறாலை அரைத்து மாவோடு சேர்த்துக் குச்சி குச்சியாகச் செய்தார்கள், சோளத்தைப் பொரித்து ஊத வைத்தார்கள். எழுபதுகளில் உருளைக்கிழங்குச் சீவலுக்குக் கடற்பாசித் தூள், அரிசி பிஸ்கற்றுக்கு இனிப்பும் உப்பும் கலந்த தூள். எண்பதுகளில் எல்லாருக்கும் உறைப்புப் பைத்தியம் பிடித்ததாம். இப்போது மாதத்துக்கு ஒரு புதுச் சுவை வராவிட்டால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லையாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. நான் தட்டிலிருந்த மற்றப் பக்கற்றுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"சரி, கறிச் சுவைப் பக்கற்?" என்று கேட்டேன்.

"அதில் மாட்டுச் சாறு."

"சீஸ்?"

"அதில் கோழி. கொஞ்சம்தான்."

"கடற்பாசி?"

"அதில் நீங்கள் சொன்ன மீன். அது இல்லாமல் எப்படி ருசிக்கும்?" உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"போன வருடம் நான் கொண்டுபோன பெட்டிகளிலும்?"

"போன வருடமா? அந்தத் தூள் அதில் வந்து இருபது வருடமாகிறது."

கடைசியில் கீழ்த்தட்டைக் காட்டினார். யாரும் தொடாத வெள்ளைப் பக்கற்றுகள். அரிசி, உப்பு, வேறொன்றும் இல்லை. கிழவர்கள் சாப்பிடுவது என்றார். பழைய காலத்துச் சாமான் மட்டும்தான் சைவமாக மிஞ்சியிருந்தது.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை.

"ஸ்ரிக்கரில மீனெண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. ஆனால் மீன்தான். மாசி."

"எழுதேல்லையெல்லோ. பிறகென்ன? போன வருஷம் திண்டு ஒருத்தரும் சாகேல்லை."

"உப்புப் போட்டது இருக்கு, அதைக் கொண்டுவாறன்."

"அதை ஆர் வாங்குவினம்? பிள்ளையள் நிறப் பக்கற்றைத்தான் கேக்குங்கள். கடைக்கு இடமும் எடுத்திட்டன், எல்லாருக்கும் சொல்லியும் போட்டன். டொறத்தி, நீ வேதம். உனக்கேன் இந்தக் கவலை?"

வெள்ளிக்கிழமைச் சட்டியைக் காத்த அக்கா பேசிய பேச்சு இது. அந்தச் சட்டிக்காக நான் எத்தனை வெள்ளிக்கிழமை பருப்போடு மல்லுக்கட்டினேன் என்று கேட்க வாய் வரை வந்தது.

"எனக்கு ஏலாது அக்கா" என்றேன். "தெரிஞ்சுகொண்டு தரமாட்டன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

தேரன்று வெள்ளைப் பக்கற்றுகளோடு போனேன். வெயில், சனம், கால்வாய்க் கரை முழுக்கக் கார்கள். அக்காவின் மேசையில் பாதி வெறுமையாகக் கிடந்தது. என்னைக் கண்டு "வா" என்று மட்டும் சொன்னார், முகம் பார்க்கவில்லை. ஒரு சிறுமி உப்பு பிஸ்கற்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தாயின் கையில் திருப்பிக் கொடுத்தாள். தாய் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அந்த மினுங்குகிற பிஸ்கற் எங்கே? மத்தியானத்துக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது.

பிறகு இராசலிங்கம் வந்தார். தோளில் காவடி எடுத்த தழும்பு, நெற்றி நிறையத் திருநீறு.

"எங்க பிள்ளை போன வருஷத்துச் சாமான்? காவடி இறக்கி, விரதம் முறிக்க நான் முதல் வாயில வைச்சதே அதுதான். இந்த முறையும் அதுக்கெண்டே ஒண்டும் தின்னாமல் வந்தன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ கட்டிக்கொண்டிருந்த பார்சலை அவர் பாதியில் விட்டிருந்தார். ஒரு சொல் போதும். சொன்னால் என் பெயர் நிமிரும், இராசலிங்கம் போன வருடம் எடுத்த காவடி கெடும், அக்கா இனி இந்தக் கோயில் வாசலில் கடை போடவே முடியாது. என் வாயை யாரும் இதுவரை அடக்கியதில்லை. நிஷிமுறாவாலும் முடியவில்லை, வெளிநாட்டவர் அலுவலகத்தாலும் முடியவில்லை.

"ஸ்டொக் முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

"கடைசி நேரத்தில கையை விரிக்கிறதோ? நான் போன வருஷமே சொன்னனான், வேதக்காரியை நம்பி இறங்காதேங்கோ எண்டு." என்னிடம் அல்ல, அக்காவிடம்தான் சொன்னார். "வாற வருஷம் எங்கட ஆக்கள் ஆரிட்டையாவது எடுங்கோ பிள்ளை."

நான் காத்திருந்தேன். போன வருடம் அக்கா யோசிக்காமல் சொன்ன பேச்சு. இந்த வருடம் யோசித்துச் சொன்னாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

அக்கா நூலைச் சுற்றிப் பார்சலை இறுக்கிக் கட்டினார். "ஓம் அண்ணை" என்றார். "அப்பிடித்தான் செய்யவேணும்."

நான் ஒரு வெள்ளைப் பக்கற்றைப் பிரித்து, ஒரு பிஸ்கற்றை எடுத்துக் கடித்தேன். கல்லுமாதிரி இருந்தது, பல் நொந்தது. வாய்க்குள் ஏதாவது கிடந்தால்தான் பேசாமல் இருக்கலாம் போலிருந்தது. அதை விழுங்கி முடிக்குமுன்பே இன்னொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.