வழக்குச் சொத்தான மண்

எண்பத்தேழாம் வருஷம் கள்ளக்குறிச்சியில் 'சுற்றுச்சூழல் ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருந்தவர் சிவசங்கர் ஒருவர்தான். பலகையைப் பார்த்து மனை ராசி கேட்க வந்தவர்கள் உண்டு. வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்து, டுடோரியலில் பாடம் நடத்திக் களைத்து, புதிதாக வந்திருந்த சுற்றுச்சூழல் சட்டம் எப்படியும் சோறு போடும் என்று நம்பிக் காத்திருந்தார்.

சோறு போட வந்தவர் பொன்னுரங்கம். ஊருக்கு வெளியே பூச்சிமருந்துக் கிடங்கு வைத்திருந்தவர், காலாவதியான தூளையெல்லாம் கிடங்கின் பின்னால் குழி வெட்டிப் புதைத்து, மேலே அழகுக்கு ஒரு செம்பருத்தியும் நட்டிருந்தார். செம்பருத்தி பட்டுப்போனது. அடுத்த கொல்லையைக் குத்தகைக்கு ஓட்டிய கொளஞ்சியம்மாளின் ஆடுகள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தன. அவள் ஓயாமல் மனுப் போட்டதில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண் விழித்து, ஆலோசகரை வைத்து மண்ணைச் சோதித்து அப்புறப்படுத்தும்படி பொன்னுரங்கத்துக்கு ஆணை அனுப்பினார்கள். எங்கே அப்புறப்படுத்துவது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

சிவசங்கர் துளை போட்டு மண் எடுத்தார். கிணற்றுத் தண்ணீரையும் பிடித்தார். இரண்டிலும் விஷம் இருந்தது. ஆணையில் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று பொன்னுரங்கம் எடுத்துக் காட்டியதும், தண்ணீர் பாட்டில் மேசைக்கு அடியில் போயிற்று. மண்ணை வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஏதாவது ஓடையில் தள்ளிவிடலாம் என்றும் பொன்னுரங்கமே யோசனை சொன்னார். 'மக்கள் நடமாட்டம் இல்லாத தொலைவிடம்' என்று சிவசங்கர் அதை அழகாக எழுதினார். மலையில் இருப்பவர்களும் மக்கள்தானே என்று ஒரு கணம் தோன்றியது. பேனாவை மூடியதும் அதுவும் போய்விட்டது.

செப்டம்பரில் மண்ணை லாரியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து போனார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கப்போவது ஊருக்கெல்லாம் தெரியும். சுற்றுச்சூழலையே கவனித்துக்கொண்டிருந்தவருக்குச் சுற்றி நடப்பது தெரியவில்லை. மலையடிவாரத்தில் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. ஓரமாக மிச்சமிருந்த இடைவெளியை எதைப் போட்டு அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் லாரி போய் நின்றது.

கூட்டத்துக்கு முன்னால் நின்ற தங்கதுரை மரியாதையாகத்தான் கேட்டார்.

"லோடுல இன்னா சார்?"

விஷம் என்றால் எங்கே கொண்டுபோகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். சிவசங்கர் டிரைவரை முந்திக்கொண்டார்.

"வெறும் மண்ணுங்க. வூடு கட்டறதுக்கு."

"நல்லதாப் போச்சு. இங்கயே கொட்டிட்டுப் போங்க."

கொட்டினார்கள். நாற்றம் குப்பென்று வந்தது. நல்ல எரு மண் போலிருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள்.

மறியல் ஓய்ந்ததும் போலீஸ் வந்து மரத்தையும் மண்ணையும் வழக்குச் சொத்தாக எழுதியது. மண்ணைச் சிந்தாமல் அள்ளி ஸ்டேஷன் வளாகத்திலேயே குவித்தார்கள். கேள்விப்பட்டதும் சிவசங்கர் பயந்தார். யோசிக்க யோசிக்க, இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது என்று ஆகிவிட்டது. 'மாசடைந்த மண் முழுவதும் அகற்றப்பட்டு, ஆயுதக் காவலுள்ள அரசு இடத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்று அறிக்கை அனுப்பினார். இப்படியொரு அறிக்கையை அதிகாரிகள் கண்டதே இல்லை. பாராட்டிக் கோப்பை மூடினார்கள்.

ஸ்டேஷனிலும் முதலில் சந்தோஷம்தான், கொசு ஒழிந்ததே. ஐப்பசி மழையில் மண் கரைந்து ஸ்டேஷன் கிணற்றில் இறங்கியது. காவலர்கள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். மண்ணை அறிந்த ஒரே நிபுணர் என்று சிவசங்கரை ஜீப் அனுப்பி வரவழைத்தார் இன்ஸ்பெக்டர். சிவசங்கரும் முன்பின் பார்த்திராதவர்போல் குவியலைச் சுற்றி வந்தார். 'இயற்கையான கனிமச் சேர்க்கை' என்று ஒரு வாக்கியம் மனதில் தயாராகவே இருந்தது.

சுவரோரம் ஒரு காவலர் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"விஷங்க," என்றார் சிவசங்கர். "பொன்னுரங்கம் குடோன் மண்ணு. நான்தான் ஏத்திக்கினு வந்தேன். இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார். தன் இடம் சுத்தம் என்று சிவசங்கரே கையெழுத்துப் போட்ட அறிக்கையைக் காட்டிவிட்டு, அவர் காபி சாப்பிட்டுப் போனார். கோர்ட் உத்தரவு இல்லாமல் வழக்குச் சொத்தைத் தொட முடியாது என்பதால் குவியலுக்கு மேல் ஒரு தார்ப்பாய் போட்டார்கள். ஸ்டேஷனுக்கு மட்டும் ஒரே வாரத்தில் தண்ணீருக்குப் புது போர் போட்டாகிவிட்டது.

சிவசங்கர் பாட்டிலை வெளியே எடுத்து, கொளஞ்சியம்மாளின் கிணற்றைப் பற்றியும் உண்மையை எழுதி அனுப்பினார். உங்கள் அறிக்கைகளில் எது பொய் என்று கேட்டு அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. முதலாவது என்று எழுதினார். நம்பத்தகாதவர் என்று ஆலோசகர் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பொன்னுரங்கம் சிபாரிசு செய்தவரைப் போட்டார்கள்.

விஷயத்தைச் சொல்லச் சிவசங்கர் கொல்லைக்குப் போனபோது கொளஞ்சியம்மாள் கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து கிணற்றை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெணத்துல நாலு போலீசுக்காரங்க வந்து குடிச்சிருந்தா எங்களுக்கும் போரு வந்திருக்கும்ங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சிவசங்கர் கிணற்றின் மறுபுறம் கிடந்த முள்ளுக் கட்டைப் பிடித்து இழுத்தார். கையில் கிழித்தது. அவள் பார்த்தாள், அடுத்த கட்டையும் அவர் பக்கம் தள்ளினாள்.