சந்தனம் பூசிய குமிழ்

பரீசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் யோகநாதனின் கடைப் பலகை, "எல்லாவிதமான திருத்த வேலைகளும்" என்று இரண்டு மொழிகளில் வாக்குக் கொடுத்தது. எழுதும்போது அவர் மனதில் கைக்கடிகாரமும் கைத்தொலைபேசியும்தான் இருந்தன. பலகையை முழுதாக நம்பிய ஒரே மனிதர் மேல்மாடி மாக்சிம். காட்டுப்பன்றி வேட்டைக்காரரான அவர் தன் துப்பாக்கியின் லுனெத்தைக் கழற்றி ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். லுனெத் என்றால் குறிபார்க்கத் துப்பாக்கியின் முதுகில் பூட்டும் தொலைநோக்கிக் குழாய்.

அந்தக் குழாயில் இரண்டு குமிழ்கள். மேலே இருப்பது குண்டு விழும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தும். பக்கத்தில் இருப்பது இடம் வலம். திருகினால் டிக், டிக் என்று சத்தம் வரும். ஒரு டிக்குக்கு நூறு மீற்றர் தூரத்தில் குண்டு ஒரு சென்ரிமீற்றர் நகரும். மேல் குமிழ் இறுகிப்போய் விட்டது, துப்பாக்கிக் கடைக்காரனோ தொழிற்சாலைக்கு அனுப்பு, வேட்டை சீசன் முடியத் திரும்பி வரும் என்கிறான் என்று மாக்சிம் புலம்பினார்.

"மேல் குமிழை மட்டும் இளக்கிவிடு, யோகா. பக்கத்துக் குமிழைத் தொடாதே. அதைச் சரிப்படுத்த எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போனது."

யோகநாதன் மூடிகளைக் கழற்றி, மேல் குமிழுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டார். பக்கத்துக் குமிழைத் தொடவில்லை. அதைத் தொட்டவர் அவருடைய மனைவி தில்லைநாயகி.

அன்று ஆயுத பூசை. தில்லைநாயகி கடைக்கு வந்து, திருப்புளி, சாமணம், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. யோகநாதன் தேநீர் வாங்கப் போய்த் திரும்பியபோது லுனெத் இலையின் நடுவில், சரசுவதி படத்துக்கு நேரே, ராசா மாதிரிப் படுத்திருந்தது. இரண்டு குமிழ்களிலும் தாராளமாகச் சந்தனம்.

"என்னப்பா இது? இது எங்கட சாமான் இல்லை!"

"கடையில இருக்கிறது எல்லாம் எங்கட சாமான்தான். இண்டைக்கு இதுதானே ஒரே ஒரு உண்மையான ஆயுதம்? மற்றதெல்லாம் திருப்புளி."

யோகநாதன் லுனெத்தை நோக்கிக் கையை நீட்டினார். எடுக்கத் துணிவு வரவில்லை. சரசுவதி ஒரு பக்கம், தில்லைநாயகி மறுபக்கம்.

மறுநாள் காலையில் சந்தனம் சுவர்ப்பூச்சு மாதிரிக் காய்ந்திருந்தது. யோகநாதன் பழைய பற்தூரிகையால் பக்கத்துக் குமிழைத் தேய்த்தார். டிக். கையை எடுத்தார். இன்னும் கொஞ்சம் இருந்தது, தேய்த்தார். டிக், டிக். பிறகு ஒன்றோ, இரண்டோ. திருப்பி வைக்கலாம் என்று பார்த்தால், குமிழில் போட்டிருந்த அம்புக்குறி குண்டு போகும் பக்கமா, உள்ளே தெரியும் சிலுவைக்கோடு நகரும் பக்கமா என்பது விளங்கவில்லை. ஒருபக்கம் திருகினார், பயந்து மறுபக்கம் திருகினார். அதற்குப் பிறகு எத்தனை டிக் என்பது சரசுவதிக்கே வெளிச்சம்.

அந்த நேரம் பார்த்து லவன் உள்ளே வந்தான். தில்லைநாயகியின் தம்பி. பரீசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவன்.

"அத்தான், ஒரு புதினம். ஞாயிற்றுக்கிழமை மாக்சிமோட வேட்டைக்குப் போறன்."

"நீ சுடப்போறியோ?"

"சே! எனக்கேது லைசென்ஸ்? நான் காட்டுப் பத்தைக்குள்ள இறங்கிச் சத்தமாய்க் கத்திப் பண்டியைக் கலைக்கிறது. அது வெளியில ஓடிவர வேட்டைக்காரர் சுடுவினம். பண்டியில ஒரு தொடை எனக்குத் தாறனெண்டு மாக்சிம் சொன்னவர்."

"அப்ப பண்டி முன்னால ஓடும். நீ?"

"பின்னால."

"எவ்வளவு பின்னால?"

"அத்தான், என்ன விசர்க் கேள்வி? கால் ஓடுற அளவுக்கு."

யோகநாதன் மனதுக்குள் பன்றிக்கும் மைத்துனனுக்கும் நடுவில் டிக்குகளைப் பரப்பிப் பார்த்தார். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் லவனில் வந்து நின்றது.

மத்தியானம் மாக்சிம் வந்தார். மேல் குமிழை ஒருதரம் திருகிப் பார்த்து, "அற்புதம்! பக்கத்துக் குமிழைத் தொடவில்லைத்தானே?" என்றார்.

"இல்லை," என்றார் யோகநாதன். அவர் தொடவில்லை, பற்தூரிகைதான் தொட்டது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மாக்சிம் லுனெத்தோடு போன பிறகு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசிக்குப் புதுக் கண்ணாடியைத் தலைகீழாக ஒட்டினார். தில்லைநாயகி சாப்பாட்டோடு வந்தபோது வாய் திறந்துவிட்டது.

"உம்மட சந்தனத்தால உம்மட தம்பிக்குத்தான் வெடி விழப்போகுது."

தில்லைநாயகி முழுவதையும் கேட்டார். "சந்தனம் வைச்சது நான். தேய்ச்சது ஆர்?"

"நான்."

"பொய் சொன்னது?"

"நானப்பா."

"அப்ப இஞ்சை நிண்டு என்ன செய்யிறியள்? மேல போங்கோ."

ஐந்து மாடி. லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. மூன்றாம் மாடியில் நின்று, கடைப் பலகையைக் கழற்றிவிட்டு லவனோடு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றப் போகலாமா என்று யோசித்தார். ஐந்தாம் மாடியில் கதவு திறந்ததும் மூச்சுவாங்கியபடியே எல்லாவற்றையும் கொட்டினார். சந்தனத்தைப் பிரெஞ்சில் விளக்குவதுதான் கடினமாக இருந்தது. "கடவுளுக்கான பசை" என்றார்.

மாக்சிம் சிரித்தார். "அட மனிசா, கழற்றின லுனெத்தை அப்படியே பூட்டிக்கொண்டு எவன் காட்டுக்குப் போவான்? நாளைக்குக் கடதாசி இலக்கில் சுட்டு, குமிழைத் திருகிச் சரிசெய்துவிட்டுத்தானே போவேன். கோடைகாலம் முழுக்கப் போனது என்றது உன் கை அதில் படாமல் இருக்கத்தான்."

யோகநாதனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு சாக்கு அரிசியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அது இறங்கி முடிவதற்குள் மாக்சிம் பக்கத்துக் குமிழைத் திருகிக் காட்டினார். சத்தம் இல்லை. இன்னும் திருகினார். சத்தம் இல்லை. திடீரென்று டிக்-டிக்-டிக்-டிக் என்று ஒரே பாய்ச்சல். திருப்பினார். கறகற என்று மாவரைக்கும் சத்தம். கடவுளுக்கான பசை அடிவரைக்கும் போயிருந்தது.

மாக்சிம் பத்து நிமிடம் போராடினார். குமிழைச் செய்தவனின் மூதாதையரைத் திட்டினார், தொழிற்சாலையைத் திட்டினார். யோகநாதனை மட்டும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் துப்பாக்கியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"குமிழை நம்ப முடியாவிட்டால் சுடக்கூடாது. நானும் லவனோடு பத்தைக்குள் இறங்கிக் கத்துகிறேன்."

"அப்ப சுடுவது?"

"மற்றவர்கள். அவர்களிடமும் லுனெத் இருக்கிறதே."

"அவற்றின் குமிழ்கள்?"

மாக்சிம் தோளைக் குலுக்கினார். பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கினால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே யோகநாதன் லவனைக் கூப்பிட்டு, போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "மாக்சிமே பக்கத்தில வாறார் அத்தான், இனி என்ன பயம்?" என்றான் அவன்.

ஞாயிறு காலை, திருத்த எடுத்த மணிக்கூடு டிக் என்ற ஒவ்வொரு முறையும் யோகநாதன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். தில்லைநாயகி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தார். மத்தியானம் தாண்டி அது அடித்தது; இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான்!" லவனின் குரல் கரகரத்திருந்தது. கத்தியதால்தான். "ஒரு பண்டியும் விழேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் படேல்லை. எல்லாரும் குமிழைத் திருகித் திருகிக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு நிண்டவை."

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தில்லைநாயகி வந்த நிம்மதியில், ஆய்ந்த கீரையையும் தண்டோடு சேர்த்துக் குப்பைக்குத் தள்ளினார்.

"இன்னொண்டு அத்தான். மாக்சிம் எல்லாருக்கும் உங்களைப் பற்றிச் சொன்னவர். பரீசில ஒரு திருத்தக்காரன் இருக்கிறான், தான் பழுதாக்கினதைத் தானே அஞ்சு மாடி ஏறிவந்து சொல்லுவான், உலகத்தில அப்பிடி ஒருத்தன்தான் எண்டு. ஏழு பேர் லுனெத்தைக் கழற்றி என்னட்டைத் தந்திட்டினம். பின்னேரம் கொண்டு வாறன்."

"எனக்கு லுனெத் திருத்தத் தெரியாதெண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அதைக் கேட்டு இன்னும் சந்தோசப்பட்டவை."

யோகநாதன் மெதுவாகக் கேட்டார். "அடுத்த கிழமையும் நீ பத்தைக்குள்ள இறங்கிறியோ?"

"ஓம் அத்தான். தொடை இன்னும் கிடைக்கேல்லையே."