வாய் கட்டி நின்ற தாய்மார்

பிள்ளைகள் ஹொக்கி விளையாடினார்கள். பைத்தியம் பிடித்தது பெற்றோருக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் விடியமுன் போய் ஆட்டுப் புழுக்கை கூட்டியவர்கள் தாய்மார். கோல் கம்பத்துக்குப் பழைய வலை கட்டியவர்கள் தகப்பன்மார். காய்ச்சல் என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிற இதே சனம், பிள்ளையின் சப்பாத்து வாய் பிளந்தால் அன்றைக்கே பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனது.

உதயரூபன் வாவியில் வலை போடுகிறவர். பட்ட இறாலில் பெரிதாகப் பார்த்து முதலிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பார். வியாபாரி அதில் கை வைத்தால், "அத விடுங்க, அது ஹொக்கிக்குப் போறது" என்பார். ஹொக்கி என்றது அவருடைய மகள் தனுஷியாவை. பதினாறு வயது. கோல் காக்கிற பிள்ளைக்கும் முன்னால், தலைக்கவசம் இல்லாமல் நின்று வருகிற பந்தை மறித்து வெளியே அனுப்புவது அவள் வேலை. அவளுடைய தாய் சுலோஜனா தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பின்னேரம் தவறாமல் மைதானத்தில் வந்து இருப்பாள். ஊர்ச் சட்டைகள் எல்லாம் பொத்தான் இல்லாமல் காத்துக் கிடந்தன.

போன வருடம் அரையிறுதியில் தோற்றதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. மைதானக் கரையில் நின்ற பெற்றோர் "அடி" என்றார்கள், "தள்ளு" என்றார்கள், "விடாத, விடாத" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நிருஷா என்ற பிள்ளை யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் பந்தை எதிரியின் காலடிக்கே தட்டிவிட்டாள். ஒரு தகப்பன் நடுவரோடு சண்டை பிடிக்க மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். பயிற்சி கொடுத்த அழகரத்தினம் சேர் பொறுமையான மனிதர். அன்றைக்கு அவருக்கும் பொறுக்கவில்லை.

"பிள்ளையள் தோக்கல்ல. உங்கட வாய்தான் தோக்கடிச்சது."

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு குறையைச் சொன்னால் அதைத் திருத்தத் தெரியாது, நேர்த்தி வைக்கத்தான் தெரியும். இந்த வருடம் மாகாண இறுதிப் போட்டிக்கு வந்தவுடன் நிருஷாவின் தாய் தவமணி எல்லாத் தாய்மாரையும் கூட்டினாள்.

"மண்டூர்க் கோயில்ல பூசை செய்யிறவரே வாயக் கட்டிக்கொண்டுதான் செய்யிறார். நாங்களும் கட்டுவம்கா. விடியத் துவங்கி ஆட்டம் முடியும் மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கிறல்ல. முருகன் பார்த்துக்கொள்ளுவான்."

எல்லோரும் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி நேர்ந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது பாதையில் ஒருத்தி, "ஒராள் வாய் திறந்தாலும் எல்லாருக்கும் பலிக்காது" என்றாள். இன்னொருத்தி, "திறக்கிறவட பிள்ளைக்குத்தான் தோஷம் வரும்" என்று சேர்த்தாள். கோயிலில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. துறையில் இறங்கியபோது அது சட்டமாகிவிட்டது. அழகரத்தினம் சேருக்கு விஷயம் எட்டியதும் சிரித்தார். "நல்லதாப் போச்சு, எனக்கும் காது தப்பிச்சது" என்றார்.

இறுதிப் போட்டி அன்று தாய்மார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள். படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். கத்திப் பழகிய தகப்பன்மாரை எதிர்க்கரைக்குத் துரத்தியிருந்தார்கள். பந்தலுக்குள் கொழும்பிலிருந்து வந்த தெரிவாளர்கள் இருந்தார்கள். இலங்கை இளையோர் அணிக்கு அவர்கள் பார்க்க வந்த பெயர்களில் தனுஷியாவின் பெயரும் உண்டு என்று சேர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து சுலோஜனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் எதிரணி ஓங்கி அடித்த பந்து எழும்பி வந்து தனுஷியாவின் காதுக்கு மேலே பட்டது. கரைக்குச் சத்தம் கேட்டது. விழுந்தாள். சேர் ஓடிப் போவதற்குள் எழும்பிவிட்டாள். இரத்தம் இல்லை.

"ஏலுமா மகள்?"

"ஓம் சேர்."

சேர் அவளைக் கொஞ்ச நேரம் வெளியே இருத்திப் பார்த்தார். அவள் மூச்சு வாங்காமல் இருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இடைவேளைக்குப் பிறகு இறக்கலாம் என்று சேர் நினைத்தார்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கத் தாயிடம் வந்தாள். போத்தலை வாயில் வைத்தாள். தண்ணீர் கன்னத்தால் வழிந்து சட்டையில் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"அம்மா, ஆட்டம் எப்ப துவங்கும்?"

பாதி ஆட்டம் முடிந்திருந்தது.

"அப்பா வரல்லையா?" என்றாள் தனுஷியா. எதிர்க்கரையில் உதயரூபன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். அவள் பார்த்தாள். அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "தலை ஒரு மாதிரிக் கிடக்கும்மா."

பெற்ற வயிறு சொன்னது, பிள்ளை சரியில்லை என்று. அதில் சந்தேகமே இல்லை. சேர் கையெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். துணியை இழுத்துவிட்டு ஒரு சொல் சொன்னால் போதும். பக்கத்தில் தவமணி கண்ணை உருட்டிப் பார்த்தாள், திறந்துவிடாதே என்று. திறந்தால் தோஷம் தன் பிள்ளைக்குத்தான் என்று சுலோஜனா நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

ஆனால் வாய் திறக்காமலும் சேரின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். கை கட்டுவதாக யாரும் நேரவில்லை. அதை அவள் செய்யாததற்கு முருகன் பொறுப்பில்லை, தவமணியும் பொறுப்பில்லை. பந்தலுக்குள் இருந்தவர்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று அவளுடைய ஆசை சொன்னது. மகளின் பின்னலை இறுக்கிக் கட்டினாள். கன்னத்தைத் துடைத்தாள். தோளில் கை வைத்து மெல்ல மைதானத்துப் பக்கம் தள்ளிவிட்டாள்.

தனுஷியா விளையாடினாள். பழகிய கைகளும் கால்களும் அவளைக் கேட்காமலே விளையாடின. கடைசியில் கோல் கோட்டில் வைத்து ஒரு பந்தை மறித்தாள், அதனால்தான் வென்றார்கள். விசில் ஊதியதும் தாய்மார் துணிகளைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓவென்று கத்தினார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில் தனுஷியா நிலத்தில் குந்தினாள், பிறகு சரிந்து படுத்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுலோஜனா மட்டும் நினைக்கவில்லை.

தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஒப்பரேசன் செய்தார்கள். உயிர் தப்பியது. வலது கால் இழுபடுகிறது, வலக்கையில் பிடி இல்லை, பேச்சு நின்று நின்று வருகிறது. அகில இலங்கைப் போட்டிக்கு அவளுடைய இடத்தில் வேறு பிள்ளை போனது.

பெற்றோர் கூடி அழகரத்தினம் சேரில் பிழை கண்டார்கள். பிள்ளையைப் பார்க்காமல் கோலைப் பார்த்த மனிசன் என்றார்கள். விசாரணை நடந்தது, அவரைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். போகமுன் வீட்டுக்கு வந்து, கட்டிலருகே நின்று, "என்னை மன்னிச்சிருங்க" என்று சுலோஜனாவைக் கும்பிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். விசாரணையிலும் அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. வாய் கட்டியிருந்த தாயிடம் என்னத்தைக் கேட்பது?

பிறகு தவமணி ஒரு சட்டி தயிரோடு வந்தாள்.

"நேர்த்தி இல்லாட்டிப் பிள்ளை போயிருக்கும்கா. வெள்ளிக்கிழமை மண்டூருக்குப் போய் முடிப்பம், நீங்களும் வாங்க."

"நான் வரல்ல."

"என்னகா இது? நேர்ந்தத முடிக்காம விட ஒண்ணா."

அந்தச் சட்டியைத் தூக்கி அவள் முகத்திலேயே அடிக்க வேண்டும் போல சுலோஜனாவுக்கு வந்தது. அடிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? "தயிர வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

நேற்றுப் பின்னேரம் மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. உதயரூபன் வாசலில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். தனுஷியாவுக்கு அன்றைய நாளில் பஸ் ஏறியது நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிச் சீலிங். நடுவில் ஒன்றும் இல்லை.

"அம்மா... இடைவேளைக்கு... உங்களிட்ட வந்தனானா?"

"ஓம். தண்ணி குடிக்க."

"தலை நோகுது எண்டு... சொல்லியிருக்க மாட்டன்... என்ன?"

சுலோஜனா அடுத்த விரலை விரித்தாள்.

"சொன்னா வெளிய எடுப்பாங்க எண்டு... பயத்தில மறைச்சிருப்பன். சொல்லியிருந்தா... நீங்க விளையாட விடுவீங்களா?" அவள் ஒரு பக்கத்து வாயால் சிரித்தாள். "சேர் பாவம்மா. பிழை... எனக்குத்தான்."

உதயரூபன் ஊசியை நிறுத்திவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் மகள்," என்றாள் சுலோஜனா. "நீ ஒண்டும் சொல்லல்ல."