சொட்டுக் குழாய்ச் சண்டை

“உது தண்ணி குடுக்கிறதே, கலாக்கா? உது—”

“நீர் முதல் என்னைக் கதைக்க விடும், பிளோறன்ஸ்.”

“—நாக்கிலை தேன் தடவுற மாதிரியெல்லோ கிடக்கு! கத்தரி என்ன, பிறந்த பிள்ளையே?”

“சொட்டுச் சொட்டாத்தான் போகும். அதாலைதான் உதுக்குச் சொட்டுக் குழாய் எண்டு பேர்.”

“வேர் எங்க கிடக்கு, சொட்டு எங்க விழுது?”

“வேருக்குக் கிட்டத்தான் விழுது. குனிஞ்சு பாரும்.”

“குனிஞ்சு பாத்திட்டன். பூனை இருந்துபோட்டுப் போன மாதிரி ஒரு ஈரம்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில், பக்கத்துத் தோட்டத்தில் ஏணி வைத்துச் செறிப்பழம் பறித்துக்கொண்டிருந்த கிழவர் பறிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாஷை விளங்காவிட்டாலும் சண்டை விளங்கியது. ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பார்த்தார்.

ஹனோவர் நகரின் ஓரத்தில், ரயில் பாதைக்கு இப்பால், தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் சங்கத் தோட்டம் ஒன்றை இந்த இரண்டு பெண்களும் பாதிப் பாதியாக எடுத்திருந்தார்கள். கலாதேவிக்கு யாழ்ப்பாணம், பிளோறன்ஸுக்கு மன்னார். ஒரே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் கட்டில் விரிப்பு மடித்தவர்கள். விரிப்பு மடிக்க ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்தே சிநேகமானார்கள். இப்போது இருவரும் பென்சன். மடிக்க விரிப்பில்லாததால் சண்டை பிடிக்கிறார்கள் என்று கலாதேவியின் மகன் மதீசன் ஆஹென் நகரிலிருந்து தொலைபேசியில் கேலி பண்ணுவான்.

கலாதேவிக்கு அடுத்த மாதம் முழங்காலில் ஒப்பரேசன். அதன் பிறகு கோடை முடியும்வரை பூவாளி தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடம் பார்த்து மழையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. பகலில் ஹோஸ் பிடிக்கக் கூடாது, புல்லுக்குச் சுழல் தூவி வைக்கவே கூடாது, பூவாளி அல்லது சொட்டுக் குழாய் மட்டும் என்று சங்கத்தார் வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள். பராமரிப்பில்லாமல் காய்ந்து கிடக்கும் பாதி, இடம் கேட்டுக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும். அது பழைய சட்டம்.

அந்தப் பாதியை விட்டுக்கொடுக்கக் கலாதேவிக்கு மனம் இல்லை. அவளுடைய மற்றக் காரியங்களுக்கெல்லாம் வேறு ஆட்கள் நேரமும் இடமும் குறித்தார்கள். டொக்டர் குறித்தார், காப்புறுதிக்காரர் குறித்தார், மகன் குறித்தான். வெண்டியை எங்கே ஊன்றுவது என்பதை மட்டும்தான் அவள் குறித்தாள்.

“நான் ஒருத்தி இருக்க உங்களுக்கு ஏன் குழாய்?” என்றாள் பிளோறன்ஸ், இடுப்பில் கை வைத்து. “உங்கடை பாதிக்கும் சேத்து நான் ஊத்துறன்.”

“நீர் ஊத்தினது காணும். போன வருசம் நான் கனடாவுக்குப் போய் வாறதுக்குள்ள என்ரை வல்லாரையைப் புல்லெண்டு பிடுங்கி எறிஞ்சனீர்.”

“அது புல்லு மாதிரித்தானே கிடந்தது!”

“மிளகாய்க் கண்டை இடம் மாத்தி வைச்சனீர்.”

“வெயில் பாத்து வைச்சனான்.”

“அதைத்தான் சொல்லுறன். நீர் தண்ணி விட்டா, பிறகு தோட்டம் உம்மடை சொல்லைத்தான் கேக்கும். என்ரை பாதிக்கு நான்தான் தண்ணி விடுவன். படுக்கையிலை கிடந்தாலும் நான்தான்.”

அதற்கான ஏற்பாட்டை அவள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். கொட்டிலுக்குப் பக்கத்தில் கல் அடுக்கி, அதன்மேல் தண்ணீர்த் தாங்கியை உயர்த்தி வைத்தாள். காலையில் சங்கத்துக் குழாயால் அதை நிரப்பினால் போதும். தாங்கியின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் புறப்பட்டு, முதலில் கத்தரிப் பாத்தி, பிறகு தக்காளி, கடைசியில் வெண்டி என்று மூன்று பாத்திகளையும் சுற்றி வரும். குழாய் நெடுக ஊசிமுனை அளவு துவாரங்கள். நேரம் வைத்தால் தானே திறந்து தானே பூட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களை அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

சங்கத் தலைவர் ப்ரிங்மன் வந்து பார்த்தார். “நல்ல யோசனை. ஒப்பரேசனுக்கு முன் ஒருமுறை வந்து பார்ப்பேன். மண் ஈரமாக இருந்தால் இடம் உங்களுடையதுதான். இல்லாவிட்டால் இந்த வருடத்துக்கு வேறு ஒருவரிடம் கொடுப்போம். அடுத்த வருடம் யோசிக்கலாம்” என்றார். அடுத்த வருடம் என்ற சொல்லை டொச் மொழியில் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அதன் அர்த்தம் கலாதேவிக்குத் தெரியும்.

முதல் கிழமை குழாய் சொன்னபடி கேட்டது. மூன்று பாத்தியிலும் செடிக்குச் செடி ஒரு கறுத்த வட்டம். கலாதேவி கதிரை போட்டு உட்கார்ந்து, படம் பார்ப்பது போல அந்த வட்டங்களைப் பார்த்தாள்.

பிறகு இரத்தம் எடுக்க, படம் எடுக்க என்று ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து டெர்மின், நேரம் குறித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் அவளால் தோட்டத்துக்கு வர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கத்தரிப் பாத்தியில் தவளை இருந்தது. அவ்வளவு தண்ணீர். தக்காளி சுமார். வெண்டிப் பாத்தி வெடித்துக் கிடந்தது.

“என்னப்பா இது?”

“நான் சொன்னனான்தானே” என்றாள் பிளோறன்ஸ், தன்னுடைய பாதியில் புல் செதுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

கலாதேவி தாங்கி வாயிலிருந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள். குழாயை ஊதிப் பார்த்தாள். நோகிற காலோடு, தாங்கிக்கு அடியில் இன்னொரு வரிசைக் கல் வைத்தாள். கத்தரி இன்னும் குளித்தது. வெண்டி இன்னும் காய்ந்தது.

சனிக்கிழமை ப்ரிங்மன் வந்தார். வெண்டிப் பாத்தியில் விரலை ஊன்றினார். விரல் போகவில்லை. நகத்தில் ஒட்டிய புழுதியைக் கலாதேவி பார்க்காதபடி காற்சட்டையில் துடைத்தார். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகம் நொந்தது.

“விட்டுக்கொடுப்பது வெட்கமில்லை, அம்மணி.”

“அடுத்த சனி” என்றாள் கலாதேவி. “ஒரு கிழமை தாருங்கள்.”

அவர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார்.

அன்று மதீசன் தொலைபேசி எடுத்தான். “அம்மா, உந்தக் காலோடை உங்களுக்கு ஏன் உந்த வில்லங்கம்? விடுங்கோவன். கடையிலை இல்லாத வெண்டிக்காயே?”

“கடையிலை எல்லாம் இருக்குது, தம்பி. கடையிலை நான் இல்லை” என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வைத்த பிறகு அழுகை வந்தது.

மறுநாள் ஞாயிறு. குழாயைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்துத்தான் வந்தாள். கத்தரி அடியிலிருந்து குழாயைத் தூக்கினாள். கை நின்றது. ஊசிமுனைத் துவாரம் இருந்த இடத்தில் மிளகு அளவு ஓட்டை. அதன் விளிம்பு உருகித் தடித்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கத்தரி நெடுகிலும் அப்படியே.

“பிளோறன்ஸ்!”

“என்னக்கா?”

“இஞ்ச வாரும். உதென்ன?”

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி நெருப்பு மூட்டுமோ?”

பிளோறன்ஸ் மண்வெட்டியை வேலியில் சாய்த்தாள். தன்னுடைய பாதியில் நின்ற சின்ன மாதா சொரூபத்தை ஒருமுறை பார்த்தாள். அங்கே உதவி இல்லை.

“நான்தான்” என்றாள். “நீங்கள் டெர்மினுக்குப் போன அண்டைக்கு ஒரே வெக்கை. மத்தியானம் பாக்கிறன், கத்தரி எல்லாம் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. பாவமாக் கிடந்தது. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துற லைற்றராலை ஊசியைச் சுட்டு, கொஞ்சம், ஒரு கொஞ்சம் வாயைப் பெருப்பிச்சு விட்டனான்.”

“கத்தரி மத்தியானத்திலை தொங்கும், பின்னேரம் நிமிரும். அது அதின்ரை குணம்.”

“அது எனக்குத் தெரியும். ஆனா பாக்க ஏலாதே, அக்கா.”

கலாதேவிக்குக் கோபம் வந்தது, வந்த வழியிலேயே பாதியில் நின்றது. அவள் கண்ணுக்கு முன்னால் பிளோறன்ஸின் அகப்பைதான் தெரிந்தது. எந்த வீட்டுக் கொண்டாட்டத்திலும் பரிமாறுவது பிளோறன்ஸ். காணும், போதும் என்று கோப்பையைக் கையால் மூடினாலும், கையை விலக்கி இன்னொரு அகப்பை போடுவாள். அப்படி அவள் முன்வரிசைக்குப் போட்டுப் போட்டு, கடைசி வரிசைக்குக் கறி இல்லாமல் போன ஒரு கலியாணவீட்டை ஹனோவரில் இன்னும் கதைக்கிறார்கள்.

“மற்றப் பாத்தியளுக்கு ஏன் குத்தேல்லை?”

“அதுக்குள்ள லைற்றர் முடிஞ்சு போச்சு.”

கலாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முழங்கால் அதிர்ந்தது. “ஐயோ என்ரை கால்” என்றபடி கதிரையில் இருந்து சிரித்தாள்.

“சிரிக்காதேங்கோ. நீங்கள் பேசினாத்தான் எனக்கு ஆறும்.”

“பேசி என்ன? முன்னுக்கு நிண்டவை எல்லாத்தையும் குடிச்சிட்டினம், கடைசிக்கு வெறும் குழாய். ரெண்டு நாளாக் கல்லுத் தூக்கினனான், பிளோறன்ஸ். நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர்.”

பிளோறன்ஸுக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கியது. “நான் வந்து கல்லை வாங்கினா, ஏன் எண்டு கேப்பியள். கேட்டா நான் சொல்லவேணும்.”

ஞாயிற்றுக்கிழமை, புதுக் குழாய் வாங்கக் கடையும் இல்லை. குழாய் வந்த அட்டைப் பெட்டியில் இருந்ததெல்லாம், தண்ணீரைத் திறந்து பூட்ட, மிச்சமாகக் கிடந்த மூன்று சின்னத் திருகுகள். கலாதேவி அவற்றை மடியில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

“பிளோறன்ஸ், ஊரிலை மிசின் போட்டு இறைக்கேக்க எல்லாப் பாத்திக்கும் ஒண்டாவே தண்ணி விடுறவை?”

“அதெப்பிடி? ஒண்டு நிரம்ப அதைக் கட்டி, மற்றதை வெட்டிவிட வேணும். தண்ணி மாறுறது எண்டு சொல்லுவம்.”

“அதைத்தான் இஞ்சயும் செய்வம். ஒரு குழாய் வேண்டாம். பாத்திக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு திருகு. மூண்டு திருகும் தாங்கியடியிலை. நான் கதிரையிலை இருந்துகொண்டு ஒண்டைத் திறப்பன், நிரம்பப் பூட்டுவன், மற்றதைத் திறப்பன்.”

“தாங்கியிலையிருந்து பாத்தி வரைக்கும் ஓட்டை இல்லாத குழாய் வேணுமே. அதுக்கு எங்க போறது?”

சொல்லி முடிக்கும்போதே பிளோறன்ஸுக்கு விடை தெரிந்துவிட்டது. தன்னுடைய பச்சை ஹோஸை ஒருமுறை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். கொட்டிலுக்குள் போய்க் கத்தி எடுத்து வந்தாள்.

“எவ்வளவு நீளத்துக்கு வெட்ட?”

அன்று முழுக்க அதே வேலை. தக்காளிக்கும் வெண்டிக்கும் ஓட்டைகளைப் பெரிதாக்கினார்கள். இந்த முறை கலாதேவி கணக்குச் சொல்ல, பிளோறன்ஸ் பக்கத்துத் தோட்டத்துக் கிழவரிடம் இரவல் வாங்கிய லைற்றரால் ஊசி சுட்டாள். பாத்திகளைச் சுற்றி வரம்பு கட்டினாள். செடி அடியில் வைக்கோல் பரப்பினாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நிறைய விட்டால் போதும், வேர் கீழே தேடிப் போகும் என்று கலாதேவி சொன்னாள். நிறைய என்ற சொல் பிளோறன்ஸுக்குப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை ப்ரிங்மன் வெண்டிப் பாத்தியில் விரலை ஊன்றினார். விரல் முழுவதும் போனது. எடுத்து மோந்தும் பார்த்தார். வெண்டியில் புதுக் குருத்து வந்திருந்தது.

“இது சொட்டுக் குழாயா, வாய்க்காலா?” என்று கேட்டார்.

“இரண்டும்” என்றாள் கலாதேவி டொச்சில். “ஹோஸ் பிடிக்கவில்லை, தூவி வைக்கவில்லை. சட்டப்படிதான்.”

அவர் மூன்று திருகுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி விளையாடினார். “என் புல்வெளி மண்ணிறமாகிவிட்டது” என்றார்.

பிளோறன்ஸ் தன் உடைந்த டொச்சில் ஆறுதல் சொன்னாள். “புல் செத்துப் போகவில்லை. தூங்குகிறது. மழை வந்தால் எழும்பும்.”

“எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது” என்று அவர் சிரித்தார். போகும்போது கலாதேவிக்குக் கை கொடுத்தார். “உங்கள் பாதி உங்களுடையதுதான். காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

படலை சாத்தியதும் கலாதேவி மெதுவாக எழுந்து நின்றாள். அவளுக்கு இப்போது ஒரு காரியம் மிச்சமிருந்தது. நேரம் வைக்கிற பெட்டிக்கு மூன்று திருகை மாறி மாறித் திருகத் தெரியாது. ஆஸ்பத்திரி நாட்களுக்கு ஒரு ஆள் வேண்டும். யாரிடம் கேட்கக் கூடாது என்று நின்றாளோ அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்பது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை என்பது அவளுக்கே புதினமாக இருந்தது.

“இதிலை இரும், பிளோறன்ஸ்.”

“உங்கடை கதிரையிலையோ?”

“நான் வருமட்டும் நீர்தான் திறக்கவேணும். இரும். கத்தரிக்கு வரம்பு தொட்ட உடனை பூட்டும். தக்காளிக்குப் பாதி. வெண்டிக்கு நிரம்ப. விளங்குதோ?”

பிளோறன்ஸ் கதிரையில் அமர்ந்தாள். பாவாடையைச் சரி செய்தாள். முதல் திருகைத் திறந்தாள். தண்ணீர் சலசலத்துக் கத்தரியைச் சுற்றிப் பரவி வரம்பைத் தொட்டது. பூட்டினாள். கலாதேவி திருப்தியாகத் தலையாட்டினாள். பின்னேர வெயிலில் கத்தரி இலைகள் நிமிர்ந்து நின்றன. பிளோறன்ஸின் கை திருகை விட்டு இன்னும் எடுபடவில்லை.

“அக்கா, கோவிக்காதேங்கோ… கத்தரிக்கு மட்டும் இன்னும் ஒரு சொட்டு விட்டா என்ன?”