மேஸ்திரி காட்டிய சேதம்

ஊரில் சுழல்காற்று அடித்து நாலு நாள் ஆகியிருந்தது. அது எவ்வளவு பலமான காற்று என்று கணக்கிட வானிலை ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். யாரும் கூப்பிடாமலே அவள் பின்னால் ஒட்டிக்கொண்டார் மேஸ்திரி. 'பெரிய காற்று' என்று அவள் எழுதிவிட்டால் போதும், அவர் பிழைத்தார். காற்றில் செத்தது ஒரே ஓர் ஆள், அவருடைய தங்கை புருஷன். மாட்டை அவிழ்க்க ஓடியவர் கொட்டகைச் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறார். சுவர் அப்படியே அவர்மேல் சாய்ந்துவிட்டது. அந்தச் சுவரைக் கட்டியவர் சாட்சாத் நம் மேஸ்திரிதான்.

அஸ்திவாரத்திலிருந்து சுவருக்குள் ஏற வேண்டிய கம்பியை அவர் வைக்கவே இல்லை. வெளியார் வேலை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். இது சொந்தத் தங்கை வீடு, அதுவும் மாட்டுக் கொட்டகை, யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கம்பி வர ரெண்டு நாள் ஆகும் என்று கடைக்காரன் சொன்னதும், சரி விடு என்று கட்டிப் பூசிவிட்டார். பாவி மனுஷன்!

"இங்க பாருங்கம்மா, எம்மாம் பெரிய மரம்! வேரோட பிடுங்கிப் போட்டிருக்கு."

அவள் குனிந்து வேரை விரலால் அழுத்தினாள். தவிடாக உதிர்ந்தது.

"உளுத்துப் போச்சுங்க. லேசா தள்ளினாலே விழுந்திருக்கும்."

"அப்ப பள்ளிக்கூடத்துக் கூரை? தகடு தகடா பறந்துச்சும்மா!"

"ஆணியெல்லாம் துரு. பாதி இடத்துல ஆணியே இல்ல. காத்து சுத்தினது நிஜம்தான், ஆனா பலம் போதாது."

எதைக் காட்டினாலும் இதே பதில். மேஸ்திரி வெயிலில் அலைந்து அலைந்து, ஊர் முழுக்க ஒரு நல்ல சேதம் கிடைக்காதா என்று தேடினார். செத்தவனுக்காக அழ வேண்டிய மனுஷன் தேடுகிற தேடலா இது? அவருக்கே தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது.

தங்கையின் கொட்டகை இருந்த தெருவைத் தாண்டி அவளை இழுத்துப் போய்விடலாம் என்று பார்த்தார். அவளா விடுவாள்? நேராக உள்ளே நுழைந்தாள். விழுந்த சுவருக்கு நாலடி தள்ளி ஒரு கோழிக்கூடு. அதன் மேல் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டிகூட நகரவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், உட்கார்ந்து அஸ்திவாரத்தின் மேல் பக்கத்தைக் கையால் தடவினாள். ஒரு கம்பி முனைகூட நீட்டவில்லை, மழுமழுவென்று இருந்தது. நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"எழுதிக்கங்கம்மா. எங்கண்ணன் கட்டின சுவரே விழுந்திருக்குன்னா அது எப்பேர்ப்பட்ட காத்தா இருக்கணும்! 'மச்சான் கட்டினது, இடியே விழுந்தாலும் அசையாது'ம்பாரு அவரு. அதை நம்பித்தானே அங்க போய் நின்னாரு."

ஆபீசரம்மா பேனாவைத் திறக்கவில்லை. தங்கை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் புகழ்ச்சியை மேஸ்திரியால் தாங்க முடியவில்லை.

"கம்பி வைக்கலம்மா" என்றார்.

"எந்தக் கம்பி?" என்றாள் தங்கை.

அவளுக்கு எப்படித் தெரியும்? புது வீடு கட்டுகிறவர்களுக்கு விளக்குவதுபோல் விளக்க வேண்டியதாயிற்று. கம்பி எங்கிருந்து ஏறும், எதற்கு ஏறும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கை ஆபீசரம்மாவிடம் திரும்பினாள். "அப்ப இது பெரிய காத்து இல்லையா?"

"இல்லம்மா."

தங்கை செம்பைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளா என் பக்கத்துல உக்காந்து காத்தைத் திட்டினியே அண்ணே" என்றாள். "நானும் உன்கூடச் சேந்து திட்டினேனே."